துப்பாக்கி தூக்காத வேட்டைக்காரர்: மா. கிருஷ்ணன்

மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலை வழியா எத்தனை தடவை பீச்சுக்குப் போயிருப்பீங்க? அதோட பழைய பேரு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. அந்த ரோட்டு வீட்டில் உட்கார்ந்து இந்தியக் காடுகளைப் பத்தி எழுதினவர்தான் மா. கிருஷ்ணன்.

1912இல் பிறந்தார். அப்பா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. கிருஷ்ணனுக்கு 13 வயசு ஆகும்போதே அப்பா இறந்துட்டார். பிரசிடென்சி காலேஜில் தாவரவியல், அப்புறம் சட்டம். வக்கீல் தொழில் ஒட்டலை. 1942இல் இப்போ கர்நாடகாவில் இருக்கிற சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைச்சது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் சென்னைக்குத் திரும்பினார். அதுக்கப்புறம் சம்பள வேலை கிடையாது. எழுத்தும் போட்டோவும்தான் சோறு. பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கிற நமக்கு அது எவ்வளவு பெரிய ரிஸ்க்னு புரியும்!

அவர் வளர்ந்த காலத்தில் காட்டுக்குப் போறதுன்னாலே பெரும்பாலும் வேட்டைதான். மகாராஜாவும் துரையும் சுட்ட புலி மேல கால் வெச்சு போட்டோ எடுப்பாங்க. அந்த வேட்டைக்காரங்களுக்குள்ளேயும் ஒரு தர்மம் இருந்தது: உறுதியா கொல்ல முடியாத தூரத்திலிருந்து சுடக்கூடாது, காயம் பட்டதைத் தேடிப் போய் முடிக்காம வீடு திரும்பக்கூடாது.

ஏன்? கொஞ்சம் ஃபிசிக்ஸ் பார்ப்போம். ரைஃபிள் குண்டு நொடிக்கு சுமார் 800 மீட்டர் வேகத்தில் கிளம்புதுன்னு வெச்சுக்குங்க. காற்று அந்த வேகத்தைக் குறைக்கும். 400 மீட்டர் தள்ளி நிற்கிற மானை எட்ட அரை நொடிக்கு மேல் ஆகும். அதுக்குள்ள மான் ஒரு அடி எடுத்து வெச்சா, நெஞ்சுக்கு வெச்ச குறி வயித்தில் பாயும். மான் உடனே சாகாது. புதருக்குள் ஓடி, மணிக்கணக்கா துடிக்கும். நீங்க எவ்வளவு பெரிய குறிகாரரா இருந்தாலும் அந்த அரை நொடி உங்க கையில் இல்லை.

தப்பின குறிக்கு மனுஷனும் விலை கொடுத்திருக்கான். 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலிக்கு, வலது பக்கக் கோரைப்பற்கள் பழைய குண்டடியில் உடைஞ்சிருந்தது. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாம மனுஷனைத் தேடிச்சுன்னு அவர் முடிவுக்கு வந்தார்.

கிருஷ்ணன் கையில் இருந்தது கேமரா. வேற வேற கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கி, 'சூப்பர் பொண்டரோசா'ன்னு பேரு வெச்ச கனமான பெட்டி. எடுத்தது கறுப்பு வெள்ளைப் படங்கள். நடந்தும், பழக்கின யானை மேல ஏறியும் காட்டு யானைகளுக்குப் பக்கத்தில் போனார். பக்கத்தில் போறவருக்குத்தான் ஆபத்து. யானை பார்த்துடும், விலகிடும், துரத்தவும் செய்யும். குறி தவறினால் வீணாகிறது ஒரு ஃபிலிம் மட்டும்.

1950இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஆரம்பிச்ச இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும் வரை எழுதினார். 1968இல் நேரு ஃபெலோஷிப் கிடைச்சது. பத்மஸ்ரீயும் வாங்கினார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

துப்பாக்கி போச்சு, தூரம் மட்டும் இன்னும் நம்ம கூடவே இருக்கு. ட்ரோன், ஜூம் லென்ஸ் எல்லாம் வந்தாச்சு. ரீல்ஸுக்காக ஒரு மிருகத்தை விரட்டிட்டு, அது அப்புறம் என்ன ஆச்சுன்னு பார்க்காம வர்றது எந்தக் கணக்கு? கிண்டியில் அடுத்த தடவை ஒரு வெளிமானைப் பார்த்தா, ஃபோனை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த அரை நொடியை யோசிங்க.