பார்வை மங்கும் முன்பே

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தோற்றுவித்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மறைந்தது 2006 ஜூலை 7-இல். மாணவர்களே, உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். மெர்போக்கில் உயிரியல் கற்பிக்கும் நான், இரத்தக் குழாய்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் இவரது வாழ்க்கையைச் சொல்வது வழக்கம்.

தமிழகத்தில் எட்டயபுரம் அருகே அயன் வடமலாபுரம் என்ற சிற்றூரில், 1918 அக்டோபர் 1-இல் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். காகிதமும் பென்சிலும் இல்லாத பள்ளியில் ஆற்று மணலில் எழுதிப் படித்தார். உறவுப் பெண்கள் மூவர் மகப்பேற்றின்போது இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் முடக்குவாதம் அவரைத் தாக்கியது. நீண்ட காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். விரல்கள் கோணி, பேனா பிடிப்பதே பெரும்பாடாயிற்று. மகப்பேறு மருத்துவக் கனவு கலைந்தது. ஆனால் அவர் மருத்துவத்தை விடவில்லை. கண் மருத்துவம் பயின்று, தம் விரல்களுக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். அந்தக் கைகளே பின்னர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தன.

மருத்துவமனைக்கு வர வழியில்லாத ஏழைகளைத் தேடி அவரே கிராமங்களுக்குச் சென்றார், கண் முகாம்களை நடத்தினார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும், 1976-இல் உடன்பிறப்புகளின் துணையோடு 11 படுக்கைகளுடன் அரவிந்தைத் தொடங்கினார். வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தினர். இல்லாதோருக்கு இலவசமாகச் சிகிச்சை கிடைத்தது.

அன்று அவர் எதிர்கொண்ட முதல் எதிரி கண்புரை. புரையை அகற்றினால் போன பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். நீரிழிவு, அதாவது நாம் இனிப்பு நீர் என்று சொல்லும் நோய், அப்படிப்பட்டதல்ல. இரத்தத்தில் கூடும் சர்க்கரை நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. பலவீனமான இடங்கள் சிறு குமிழ்களாகப் புடைக்கும், பிறகு கசியும். விழித்திரையில் அவை சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் வலி இருக்காது, பார்வையும் நன்றாகவே இருக்கும். பார்வை மங்கும்போது சேதம் முற்றியிருக்கும். இழந்ததை மீட்பது கடினம்.

உடலைக் கிழிக்காமல் இரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடங்களுள் ஒன்று விழித்திரை. அங்கே சேதம் தெரிந்தால் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்வார்கள். அங்குள்ள நுண்குழாய்கள் பழுதாவதைச் சிறுநீரில் கசியும் அல்புமின் புரதம் காட்டிக்கொடுக்கும்.

நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் நாமே தேடிப் போக வேண்டும் என்ற வெங்கடசாமியின் வழி, இந்த நோய்க்குத்தான் இன்னும் பொருந்தும். விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா பொருத்திய வாகனங்களை அரவிந்த் கிராமங்களுக்கு அனுப்பியது. விழித்திரைப் படங்களைப் பார்த்து நீரிழிவுப் பாதிப்பைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவை கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கி 2016-இல் வெளியிட்டனர். அதற்குப் படங்கள் தந்த மருத்துவமனைகளுள் அரவிந்தும் ஒன்று.

இது மதுரையின் கதை மட்டுமல்ல. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிடக் கூடுதல். மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில், தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தாத்தா பாட்டியில் ஒருவராவது இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடாத குடும்பத்தை நான் அதிகம் கண்டதில்லை. மாத்திரை எடுக்கிறேன், கண் நன்றாகத் தெரிகிறது, பிறகென்ன என்பதே அவர்களில் பலரின் எண்ணம்.

இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த உடனேயே விழித்திரையைச் சோதிக்க வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவர் போக வேண்டும். அந்தத் துணை நீங்களாக இருக்கலாம். கடைசியாகக் கண்ணைப் படமெடுத்தது எப்போது என்று இன்றே வீட்டில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அடுத்த கிளினிக் தேதியைக் குறித்துக்கொண்டு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.