சாமுவேல் பிளிம்சோல் (1824 – 1898)
வணிகத்தில் பொறுப்புடைமை: ஒரு வாழ்க்கை வரலாறு

கொழும்புத் துறைமுகத்திலோ திருகோணமலையிலோ சரக்குக் கப்பலொன்றை அருகிற் காண நேர்ந்தால், அதன் பக்கத்தில் நடுப்பகுதியை அண்மித்து ஒரு வட்டமும் அதனைக் குறுக்காக வெட்டும் ஒரு கிடைக்கோடும் தீட்டப்பட்டிருப்பதை அவதானிக்கலாம். இது பிளிம்சோல் குறி எனப்படும். கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றினாலும் உரிய கோடு நீருக்குள் அமிழ்ந்துவிடலாகாது. இக்குறியைச் சட்டமாக்கப் போராடியவரே சாமுவேல் பிளிம்சோல் ஆவார்.

இளமையும் வறுமையும்

பிளிம்சோல் 1824 பெப்ரவரி 10ஆம் திகதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். இளவயதிலேயே பாடசாலையை விட்டு விலகி எழுதுவினைஞராக வேலை செய்தார். பின்னர் ஷெஃபீல்ட் நகரில் மதுவடிசாலை ஒன்றின் முகாமையாளராக உயர்ந்தார். 1853இல் இலண்டனில் நிலக்கரி வியாபாரத்தை ஆரம்பித்தார். அது தோல்வியடையவே கையிலிருந்த அனைத்தையும் இழந்து, வறியோர் தங்கும் பொது விடுதியொன்றில் வாரம் எட்டுச் சிலிங்குக்கும் குறைவான பணத்தில் வாழ்ந்தார். தொழிலாளர் ஒருவருக்கொருவர் உதவி வாழும் முறையை அங்கே நேரிற் கண்டார். பிற்காலத்தில் வியாபாரத்தில் மீண்டும் முன்னேறியபோதும் அவ்வனுபவத்தை அவர் மறக்கவில்லை. 1868இல் லிபரல் கட்சி சார்பாக டார்பி தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குத் தெரிவானார்.

சவப்பெட்டிக் கப்பல்கள்

அக்காலத்தில் பிரித்தானியாவின் கடல் வணிகம் உலகில் முதலிடம் வகித்தது. எனினும் பழுதடைந்த கப்பல்களில் அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றி அனுப்பும் வழக்கம் பரவியிருந்தது. இவை சவப்பெட்டிக் கப்பல்கள் என அழைக்கப்பட்டன. இதற்கு அடிப்படையாக அமைந்த காரணங்கள் மூன்று.

1. கூடிய சுமை கூடிய வருமானத்தைத் தந்தது.
2. கப்பலும் சரக்கும் காப்புறுதி செய்யப்பட்டிருந்தன. கப்பல் மூழ்கினாலும் உரிமையாளருக்கு நட்டமில்லை. உண்மைப் பெறுமதியிலும் கூடிய தொகைக்குக் காப்புறுதி செய்தவருக்கு இலாபமும் கிடைத்தது.
3. பயணத்துக்கு ஒப்பந்தம் செய்த மாலுமி, கப்பல் பாதுகாப்பற்றது எனக் கண்டு ஏற மறுத்தால் சிறைக்கு அனுப்பப்படலாம்.

இலாபம் ஒருவருக்கும் ஆபத்து வேறொருவருக்கும் என்ற நிலை இதனால் உருவாயிற்று. கப்பலுரிமையாளர் சிலர் பாராளுமன்ற உறுப்பினர்களாகவும் இருந்தனர். தமது வருமானத்தைப் பாதிக்கக்கூடிய சட்டத்தைத் தாமே வாக்களித்துத் தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இருந்தனர். இது நலமுரண்பாடு எனப்படும்.

எனினும் கப்பலுரிமையாளர் அனைவரும் இத்தகையோர் அல்லர். சுமைக்கோடு வேண்டும் என்று பிளிம்சோலுக்கு முன்னரே வற்புறுத்தியவர்களுள் ஜேம்ஸ் ஹோல் என்ற கப்பலுரிமையாளரும் ஒருவர்.

போராட்டம்

பிளிம்சோல் பாராளுமன்றத்தில் முன்வைத்த பிரேரணைகள் வெற்றிபெறவில்லை. ஆகவே 1873இல் மாலுமிகளின் நிலையை விளக்கும் நூலொன்றை வெளியிட்டு மக்களிடம் நேரடியாக முறையிட்டார். அந்நூல் நாடெங்கும் பரபரப்பை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு ஒன்றை நியமித்தது.

நூலின் எல்லாக் குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கத்தக்கனவாக இருக்கவில்லை. அவதூறு வழக்கும் தொடரப்பட்டது. உறுப்பினர்களைப் பற்றிய கூற்றுகளுக்காகப் பாராளுமன்றத்தில் அவர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. நியாயமான நோக்கத்திற்காகக் குரல் கொடுப்பவரும் ஆதாரமின்றி ஒருவர் மீது பழிசுமத்தலாகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

1875 யூலை 22ஆம் திகதி பிரதமர் டிஸ்ரேலி கப்பற் சட்டமூலத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். பிளிம்சோல் கட்டுக்கடங்காத கோபத்துடன் எழுந்து, கப்பலுரிமையாளரான சில உறுப்பினர்களைக் கடுஞ்சொற்களாற் சாடினார். அவர் சபையிலிருந்து வெளியேற நேர்ந்தது. சில நாட்களின் பின் தமது நடத்தைக்காக மன்னிப்புக் கோரினார். ஆனால் கோரிக்கையைக் கைவிடவில்லை. மக்கள் அவர் பக்கம் திரண்டனர். அரசாங்கம் அவ்வாண்டிலேயே தற்காலிகச் சட்டமொன்றை நிறைவேற்றியது. தொடர்ந்து 1876ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் சுமைக்கோட்டைக் கட்டாயமாக்கியது.

குறைபாடுள்ள சட்டம்

1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரிய ஓட்டையொன்று இருந்தது. கோடு தீட்டப்பட வேண்டும். ஆனால் எவ்விடத்தில் என்பதைக் கப்பலுரிமையாளரே தீர்மானிக்கலாம். ஒரு கப்பலில் அக்கோடு கேலியாகப் புகைபோக்கியில் தீட்டப்பட்டதாகவும் கூறப்படுவதுண்டு. கட்டுப்படுத்தப்பட வேண்டியவரே கட்டுப்பாட்டின் அளவையும் தீர்மானித்தால் அது கட்டுப்பாடாகாது. 1890ஆம் ஆண்டுச் சட்டமே கோட்டின் இடத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை உரிமையாளரிடமிருந்து அகற்றி அரசின் பொறுப்பாக்கியது.

இதற்கிடையில் 1880இல் பிளிம்சோல் தமது ஆசனத்தைத் துறந்து, உள்நாட்டமைச்சராக நியமனம் பெற்றிருந்த வில்லியம் ஹார்கோட்டிற்கு இடமளித்தார். அமைச்சர் ஒருவரால் மாலுமிகளுக்குக் கூடிய நன்மை செய்ய முடியும் என்பது அவரது எதிர்பார்ப்பாகும். பதவியிலும் பார்க்கக் குறிக்கோளையே அவர் பெரிதாக மதித்தார். பின்னர் மாலுமிகள் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். 1898 யூன் 3ஆம் திகதி ஃபோக்ஸ்டனிற் காலமானார். சுமைக்கோடு பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1930இல் உருவாகி, அவ்விதி பல நாடுகளுக்கும் பொதுவாயிற்று.

நாம் பெறும் படிப்பினை

மாலுமிகளின் உயிர் உரிமையாளரின் மனச்சாட்சியை மட்டும் நம்பியிருந்த வரை பாதுகாப்புக் கிடைக்கவில்லை. அளவு எது என்பதைப் பொதுச் சட்டம் வகுத்து, அது யாவரும் காணக்கூடிய இடத்தில் தீட்டப்பட்டபோதே நிலைமை மாறியது. துறைமுகத் தொழிலாளியும் மாலுமியும் அதிகாரியும் அக்கோட்டை ஒரேவிதமாகக் காணலாம். கடை வியாபாரியின் முத்திரையிட்ட தராசு, பொதியில் அச்சிடப்படும் காலாவதித் திகதி, நிறுவனம் வெளியிடும் கணக்கறிக்கை என்பனவும் இதே அடிப்படையில் அமைந்தவையே. நேர்மையான வணிகருக்கு இவை தடையல்ல. ஏமாற்றுவோரின் போட்டியிலிருந்து அவரைக் காக்கும் அரணாகும்.

நினைவிற் கொள்க

1868 – பாராளுமன்றத்திற்குத் தெரிவு
1873 – நூல் வெளியீடு, விசாரணை ஆணைக்குழு
1876 – சுமைக்கோடு கட்டாயமாதல்
1890 – கோட்டின் இடம் சட்டத்தால் நிர்ணயமாதல்
1930 – சர்வதேச உடன்படிக்கை

பயிற்சி வினாக்கள்

1. அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றுவதற்குக் காரணமாயிருந்தவை எவை?
2. நலமுரண்பாடு என்பதை இவ்வரலாற்றிலிருந்து உதாரணங் காட்டி விளக்குக.
3. 1876ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் போதுமானதாக அமையவில்லை?
4. உமது பிரதேசத்து வணிக நிலையமொன்றில் நுகர்வோர் தாமே சரிபார்க்கக்கூடிய இரண்டு ஏற்பாடுகளைக் குறிப்பிட்டு, அவற்றின் பயனை எழுதுக.

குறிப்பு: நான்காம் வினாவுக்கு விடையளிக்கும்போது ஏற்பாட்டின் பெயரை மட்டும் எழுதாது, அது இல்லாவிடின் யார் எவ்வாறு பாதிக்கப்படுவர் என்பதையும் எழுதுதல் வேண்டும்.