இரகசியம் காத்த உத்தியோகத்தர் ஜோன் கிளார்க்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே எம்மை வளர்த்தார்கள். பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு எழுதுவினைஞர் சேவைக்கு விண்ணப்பப் படிவம் வாங்கிவந்த தகப்பன்மாரின் பிள்ளைகள் எம்மிற் பலர். ஆதலால் நூற்றாண்டு மலருக்குப் புகழ்பெற்ற பெண்மணி ஒருவரின் வரலாற்றை எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தபோது, அரசாங்க உத்தியோகம் பார்த்த ஒருவரையே தெரிந்துகொண்டோம். அவர் எமது கல்லூரியிற் படித்தவருமல்லர், எமது நாட்டவருமல்லர். ஆயினும் தடைதாண்டற் பரீட்சையிற் சித்தியடைந்துவிட்டுப் பதவியுயர்வுக் கடிதத்துக்காகக் காத்திருந்த எவருக்கும் அவர் கதை நன்கு விளங்கும்.

ஜோன் கிளார்க் 1917 ஜூன் 24ஆம் திகதி தென் இலண்டனிலுள்ள வெஸ்ட் நோர்வூட்டிற் பிறந்தார். தந்தையார் அங்கிலிக்கன் குருவானவர். டல்விச்சிலிருந்த பெண்கள் பாடசாலையிற் படித்து, 1936இல் புலமைப்பரிசிலோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரிக்குச் சென்றார். கணிதத்தில் இரு பகுதிகளிலும் முதலாம் வகுப்பிற் சித்தியடைந்தார். ஆனால் முழுப் பட்டம் கிடைக்கவில்லை. ஆண்களோடு ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதிய பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் அக்காலத்தில் பெயரளவிலான பட்டத்தையே வழங்கிவந்தது. அந்நிலை மாறியது 1948இல்தான்.

அவருக்கு உத்தியோகம் கிடைத்த விதம் எமக்குப் புதுமையாக இருக்கும். விளம்பரமுமில்லை, போட்டிப் பரீட்சையுமில்லை. கேம்பிரிட்ஜில் அவருக்குக் கேத்திரகணிதம் கற்பித்த கோர்டன் வெல்ச்மன், யுத்தம் தொடங்கியபோது பிளெச்லி பார்க் என்ற இடத்தில் அரசாங்கத்துக்காக ஜேர்மனியரின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணியிற் சேர்ந்திருந்தார். அவரே தம் மாணவியையும் அழைத்தார். என்ன வேலை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வேலை அது. பாதுகாப்பு அனுமதி என்று இன்று பெரிய கோவையாக வளர்ந்துவிட்ட விடயம் அன்று பெரும்பாலும் அறிமுகத்திலேயே தங்கியிருந்தது. நல்ல குடும்பமா, நம்பத்தக்க ஒருவர் பொறுப்புச் சொல்கிறாரா, அரசாங்க இரகசியச் சட்டத்தின் கீழ் கையொப்பமிட்டாயிற்றா, அவ்வளவுதான். கிராம சேவகர் சான்றிதழுக்கும், உறவினரல்லாத இரு கனவான்களின் நற்சான்றுக்கும் அலைந்த எமக்கு இது பொறாமையைத் தருகிறது. அறிமுகமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதவு திறந்திருக்குமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

1940 ஜூன் 17ஆம் திகதி ஜோன் அங்கு கடமையேற்றார். கிழமைக்கு இரண்டு பவுண் சம்பளத்தில், எழுதுவினைஞர் வேலை செய்த பெண்களோடு ஒரு பெரிய அறையில் அமர்த்தினார்கள். சில நாட்களிலேயே, அலன் டியூரிங் முதலியோர் வேலைசெய்த சிறிய அறைக்குள் அவருக்கென இன்னொரு மேசை போடப்பட்டது. எட்டாம் இலக்கக் குடில் என்று அழைக்கப்பட்ட அப்பகுதி, ஜேர்மன் கடற்படையின் எனிக்மா செய்திகளை உடைக்க முயன்றுகொண்டிருந்தது. அத்திலாந்திக் கடலில் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் தாமதித்தாலும் ஆட்கள் மாண்டார்கள்.

அவர் கைதேர்ந்திருந்த முறையைச் சற்று விளக்குவோம். பன்பரி என்ற ஊரிற் செய்யப்பட்ட நீண்ட தாள்களில் ஒவ்வொரு செய்தியையும் எழுத்துக்கு ஓர் ஓட்டையாகத் துளைப்பார்கள். இரு தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மெல்ல நகர்த்தி, ஓட்டைகள் எங்கே ஒத்துவருகின்றன என்று எண்ணுவார்கள். அதனால் பெரிய இயந்திரங்களிற் சோதிக்க வேண்டிய சாத்தியங்கள் குறைந்துவிடும். கண்ணும் பொறுமையும் கணிதமும் சேர்ந்த வேலை. இம்முறையைக் கையாண்டோரில் அவர் ஒருவரே பெண். முறைமாற்ற நேரம் வந்தாலும் அரைகுறையாக விட்டு எழும்ப மனம் வராதாம்.

திறமை வெளிப்பட்டதும் சம்பளத்தை உயர்த்த மேலதிகாரிகள் விரும்பினார்கள். அங்கேதான் சிக்கல். சங்கேதம் உடைக்கும் மூத்த பெண் உத்தியோகத்தர் என்றொரு தரம் சேவைப் பிரமாணத்தில் இருக்கவில்லை. ஆளுக்காகப் பிரமாணத்தை மாற்றுவதைவிட ஆளை வேறொரு தரத்துக்குள் நுழைப்பது சுலபம் என்று எண்ணி, மொழி வல்லுநர் தரத்துக்கு உயர்த்திவிட்டார்கள். அவருக்கோ வேற்றுமொழி எதுவும் பேசத் தெரியாது. பின்னாளில் ஒரு படிவத்தில் தரம் மொழி வல்லுநர் என்றும், தெரிந்த மொழிகள் எவையுமில்லை என்றும் நிரப்பியதை அவர் வேடிக்கையாக நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் சிரித்தாலும் எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வேலையைச் செய்து, வேறொரு வேலையின் பெயரிற் சம்பளம் வாங்கிய அக்காமார் எம் சங்கத்திலும் இருக்கிறார்கள்.

1941இல் அவருக்கும் டியூரிங்குக்கும் திருமணம் நிச்சயமானது. தம் நாட்டம் ஆண்களிடத்தே என்று டியூரிங் வெளிப்படையாகச் சொன்னபோதும் ஜோன் பின்வாங்கவில்லை. சில மாதங்களின் பின் டியூரிங்கே நிச்சயத்தை முறித்தார். ஒரே குடிலில் வேலையும் நட்பும் தொடர்ந்தன. 1942 பெப்ரவரியில் நீர்மூழ்கிகளின் எனிக்மாவில் நான்காவது சில்லுச் சேர்க்கப்பட, ஏறத்தாழப் பத்து மாதங்கள் அச்செய்திகள் இருண்டுபோயின. அந்தக் கடினமான காலத்தையும் கடந்து 1944இல் ஜோன் குடிலின் பிரதித் தலைவரானார். தலைவர் பதவி ஹியூ அலெக்சாண்டரிடமிருந்து பற்றிக் மஹோனுக்குப் போனது. எம்.பீ.ஈ. விருது போர் முடிந்தபின் வந்தது. எதற்காக என்றுதான் எவருக்கும் சொல்ல முடியாது.

அந்நாட்களிற் கொழும்பிலும் அண்டர்சன் கோல்ப் மைதானத்திலிருந்த நிலையத்தில் யப்பானியரின் செய்திகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அவ்வழியாற் போய்வந்த எமது பெரியவர்கள் அதை அறிந்திருக்க நியாயமில்லை.

யுத்தத்தின் பின்னும் ஜோன் அதே திணைக்களத்திலேயே தொடர்ந்தார். மணமான பெண்கள் பிரித்தானிய சிவில் சேவையில் இருக்கக்கூடாதென்ற தடை 1946இல் நீங்கியிருந்தது. 1952இல், இந்திய இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று அத்திணைக்களத்திற் பணியாற்றிய லெப்டினன்ட் கேணல் மரேயைச் சிச்செஸ்டர் பேராலயத்தில் மணந்தார். அதே ஆண்டில் டியூரிங் தன்பாலுறவுக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு, தமது பாதுகாப்பு அனுமதியை இழந்தார். இரண்டு ஆண்டுகளில் மாண்டும் போனார். எந்த அரசாங்கத்தின் இரகசியத்தை அவர் காத்தாரோ, அதுவே அவரை நம்பத்தகாதவர் என்றது.

கணவரின் சுகவீனத்தால் இருவரும் ஸ்கொட்லாந்தின் கிரெயில் என்ற கரையோர ஊருக்குப் போனார்கள். 1962இல் ஜோன் மறுபடி சேவைக்குத் திரும்பினார். அதற்குள் இரண்டு விடயங்கள் மாறியிருந்தன. அறிமுகத்தால் நுழையும் காலம் போய், 1952 முதல், இரகசியப் பதவிகளுக்கு வருவோரின் பூர்வீகத்தை நுணுகி விசாரிக்கும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. மற்றையது, சிவில் சேவையில் பெண்களுக்குச் சமசம்பளம் 1961இல் முழுமையாகியிருந்தது. இருபது வருடங்களுக்கு முன் அவரை மொழி வல்லுநராக்கிய கணக்கு அப்போதுதான் ஓரளவு நேரானது. அறுபதாவது வயதில், 1977இல், ஓய்வுபெற்றார்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் பிளெச்லி பார்க்கின் கதை வெளிவந்தபோதும் அவர் முன்னுக்கு வரவில்லை. வரலாற்றாசிரியர் ஹின்ஸ்லிக்கு உதவினார், கேட்டவர்களுக்கு அளவோடு சொன்னார். அவர் மனம் நாணயங்களில் இருந்தது. மூன்றாம், நான்காம் ஜேம்ஸ் மன்னர்களின் காலத்து ஸ்கொட்லாந்து நாணயங்கள் எந்த ஒழுங்கில் அச்சிடப்பட்டன என்ற நெடுநாட் சிக்கலை அவிழ்த்தார். அது அவர் பெயரோடு, எல்லோரும் வாசிக்கக்கூடியதாக வெளிவந்த வேலை. பிரித்தானிய நாணயவியற் சங்கம் 1986இல் தன் பொற்பதக்கத்தை வழங்கியது. அதே ஆண்டில் கணவரை இழந்தார். பின்னர் ஒக்ஸ்போட்டை அடுத்த ஹெடிங்டனில் வாழ்ந்து, 1996 செப்டெம்பர் 4ஆம் திகதி காலமானார்.

இலண்டனிலிருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிளெச்லி பார்க் இப்போது அரும்பொருட் காட்சிச்சாலை. எட்டாம் இலக்கக் குடிலைப் போய்ப் பார்க்கலாம். யுத்தத்தின் பின் ஜோன் அத்திணைக்களத்திற் செய்த வேலைகள் பற்றிய கோவைகளோ இன்னமும் பூட்டியே கிடக்கின்றன.