வலி தெரியாத கால்களுக்குச் செருப்பு: டாக்டர் பால் பிராண்டின் ஜீவிய சரிதை



மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைத்தவர் என் தகப்பனார். ஒருநாள் வீட்டு வாசலெல்லாம் ரத்தக் கால்தடம். சிப்பி ஓடு குதிகாலில் ஏறியிருக்கு, அவருக்குத் தெரியவே இல்லை! தொழுநோயால் பாதம் மரத்துப் போயிருந்தது. மாத்திரையில் நோய் குணமானது. மரத்த கால் மரத்ததுதான். புண் ஆறியபின் ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு கொடுத்தார்கள். அந்தச் செருப்புக்குப் பின்னால் ஒரு தேவமனிதருடைய பாடு இருக்கிறது.

பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தார். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார். 1929-ல் தகப்பனார் மலையிலேயே காய்ச்சலில் மரித்தார். மகன் அவர் முகத்தை மறுபடி பார்க்கவில்லை. முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார், பிறகுதான் டாக்டர் படிப்பு. 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியில் மடங்கிப்போன கைகளைக் கண்டு மனதுருகினார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றி வைத்து, அந்த விரல்களை மறுபடி வேலை செய்ய வைத்தார். நோயே விரலைத் தின்கிறது என்று அன்று ஜனங்கள் நம்பினார்கள். அப்படியல்ல, வலி தெரியாததால் சூட்டிலும் முள்ளிலும் காயப்பட்டுத்தான் கை கால் அழிகிறது என்று அவர் கண்டுகொண்டார். ராத்திரியில் எலி கடித்தாலும் தெரியாத நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தாராம்!

ஆபரேஷனோடு அவர் நிற்கவில்லை. டாக்டர்களும் செருப்புத் தைப்பவர்களும் சேர்ந்து பலதையும் செய்து பார்த்தார்கள். கடைசியில் கிடைத்தது எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர். உள்ளே மிருது, அடியில் முள் ஏறாத கெட்டி. ஆணி கிடையாது. கழலாதபடி பின்னால் வார். விலையோ கொஞ்சம்.

ஒருமுறை இங்கிலாந்தில் தன் குதிகாலில் ஊசி குத்தியும் வலிக்காததால் தனக்கும் நோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் கலங்கினார். காலையில் மறுபடி குத்தினார். வலித்தது! அந்த வலிக்காகத் தேவனுக்கு நன்றி சொன்னார். 1966-ல் அமெரிக்கா போனார். அங்கே இதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காத்தது. 2003-ல் மரித்தார்.

இப்போது என் துக்கத்தைச் சொல்கிறேன். அந்தச் செருப்பைப் பார்த்தாலே இன்ன வியாதி என்று ஜனங்கள் விலகினார்கள். அதனால் அப்பா ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் வெறுங்காலோடு வருவார். ஒரு சித்திரை மாதம் சுடுமணலில் பாதம் வெந்து, மறுபடி புண்ணாகி, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. செருப்பு இருந்தது, நம்முடைய பார்வைதான் அதைக் கழற்றிப் போட்டது.

உலகத்தில் 250 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு உதவிச் சாதனம் தேவை, அதில் 100 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. நம் அரசின் தொழுநோய்த் திட்டத்தில் இந்தச் செருப்பு இலவசம். மரத்த காலோ, சர்க்கரை வியாதியோ உள்ளவர்களே, மறைக்காதீங்க. ராத்திரி படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. மற்றவர்களே, ஆராதனைக்கு வருகிறவரின் செருப்பைப் பார்க்காதீங்க, அவர் முகத்தைப் பார்த்துக் கை கொடுங்க.