நோய்ப்படுக்கையில் கண்ட வழி

1521ஆம் ஆண்டு ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைப் போரில், பிரெஞ்சுப் படையின் பீரங்கிக் குண்டு இஞ்ஞாசியாரின் காலை முறித்தது. கோணலாய்ப் பொருந்திய எலும்பு தம் அழகைக் கெடுக்கும் என்றெண்ணி, அதனை அறுத்துச் சீராக்கும் வேதனையையும் அவர் தாங்கினார்.

லொயோலா இல்லத்தில் படுத்திருக்கையில் வீரக்கதைகளைக் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரிதைகளுமே. போர்ப்புகழைக் கனவு கண்டபோது இன்புற்றார். பின்னர் உள்ளம் வறண்டது. புனிதரைப் பின்பற்ற எண்ணியபோதோ மகிழ்ச்சி நிலைத்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்ததே அவரது மனமாற்றத்தின் தொடக்கம்.

1522இல் மொன்செராத் அன்னையின் திருத்தலத்தில் தம் வாளைக் காணிக்கையாக்கினார். 1540இல் அவரது இயேசு சபை திருத்தந்தையின் அங்கீகாரம் பெற்றது. 1556இல் இறக்கும்வரை நொண்டியே நடந்தார்.

அன்பர்களே, துன்பம் நம்மை வீழ்த்தும் வேளையில், நம் ஆசைகளுள் எது வறட்சியையும் எது அமைதியையும் விட்டுச்செல்கிறது என ஆராய்வோமா?