ஆண்ட்ரூ ஃபுரூசெத்: கடலோடிகளின் தலைவர்

கடலைப் பாடிய கவிஞர் எல்லா மொழிகளிலும் உளர். கரையில் காத்திருப்பவளின் துயரை நெய்தல் பாட்டுகளில் காணலாம்; பாய் விரித்த கலத்தின் எழிலையும் காணலாம். அக்கலத்தின் முன்பகுதியில், நங்கூரச் சங்கிலிக்கு அருகே, காற்றும் வெளிச்சமும் புகாத அறையில் ஈர உடையுடன் உறங்கியவனைப் பாடியவர் மிகச் சிலரே. அவன் பொருட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாஷிங்டன் நகரத்து ஆட்சிமன்றத் தாழ்வாரங்களில் நடந்து தேய்ந்தவர் ஆண்ட்ரூ ஃபுரூசெத்.

அவர் பிறந்தது கடலோரத்தில் அன்று. நார்வே நாட்டின் உள்நிலத்தில், ரோமெடால் வட்டாரத்தில், 1854 மார்ச் 12ஆம் நாள் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆண்டர்ஸ் ஆண்ட்ரியாசன். வீட்டில் வறுமை மிகவே, எட்டு வயதில் அயலார் பண்ணையில் வேலைக்கு விடப்பட்டார். பள்ளிக் கல்வி சிறிதே வாய்த்தது. பதினாறு வயதில் தலைநகர் சென்று எழுத்தர் பணி பார்த்தார்; படைப் பள்ளியில் சேர முயன்று தோற்றார். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு ஆகிய மொழிகளைப் பயின்றது அவ்விளமையின் ஊதியம். 1873இல் கப்பலேறினார். பல கொடிகளின் கீழ் உழைத்து, 1880இல் சான்பிரான்சிஸ்கோவில் கரையிறங்கினார். ஊரின் பெயரே அவருக்குப் பெயராக நிலைத்தது.

அந்நாளில் மாலுமி என்பவன் யார்? ஒப்பந்தத் தாளில் ஒப்பமிட்ட கணம் முதல் அவன் தன் உடலுக்கு உரியவன் அல்லன். நெசவாலைத் தொழிலாளி வேலை பிடிக்காவிடில் வெளியேறலாம். கூலியை இழப்பானே தவிரச் சிறை செல்ல மாட்டான். மாலுமி கப்பலை விட்டு இறங்கினால் காவலர் பிடித்து வந்து மீண்டும் ஏற்றுவர். கடலில் தலைமை அதிகாரியின் முட்டியும் கயிறும் சட்டமாக இருந்தன. கரையிலோ விடுதிக்காரன் காத்திருந்தான். உணவும் சாராயமும் கடனாகத் தந்து, மாலுமியை ஏதேனும் ஒரு கப்பலுக்கு ஒப்புவித்து, அவன் இன்னும் ஈட்டாத கூலியிலிருந்து முன்பணத்தைத் தானே வாங்கிக்கொள்வான். கங்காணியின் துண்டுக் கடனை அறிந்த தமிழருக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை.

1885 மார்ச் 6ஆம் நாள் இரவு, சான்பிரான்சிஸ்கோத் துறையில் குவிந்திருந்த மரக்கட்டைகளின் நடுவே கரையோர மாலுமிகள் சங்கம் தோன்றியது. சில திங்களுக்குள் ஃபுரூசெத் அதில் சேர்ந்தார், 1887இல் செயலாளரானார். 1891இல் நீராவிக் கப்பல் தொழிலாளர் சங்கமும் இணைய, பசிபிக் மாலுமிகள் சங்கம் உருவாயிற்று. உடைமையாளர்கள் வாளாவிருக்கவில்லை. தங்கள் அலுவலகம் வழியாகவே ஆளெடுத்து, நன்னடத்தைச் சான்று இல்லாதவனுக்கு வேலை மறுத்தனர். 1893இல் விடுதி ஒன்றின் வாயிலில் வெடி வெடித்துச் சிலர் மாண்டபோது பழி சங்கத்தின் மேல் விழுந்தது, உறுப்பினர் சிதறினர். வேலைநிறுத்தம் மட்டும் போதாது, சட்டமே மாற வேண்டும் என்று ஃபுரூசெத் தெளிந்த காலம் இது. 1894இல் அவர் தலைநகர் சென்றார்.

முதல் வெற்றி விரைவில் வந்தது. 1895ஆம் ஆண்டின் மகுவயர் சட்டம், கரையோரப் பயணங்களில் கப்பலை விட்டு நீங்குவோருக்குச் சிறை இல்லை என்றது. அதே ஆண்டில் அராகோ என்ற கப்பலின் மாலுமிகள் நால்வர், வால்பரைசோ துறைமுகத்துக்கு ஒப்பந்தமாகியிருந்தவர், அஸ்டோரியாவில் இறங்கிவிட்டனர். அவர்களைச் சிறையில் வைத்திருந்து, கப்பல் புறப்படும் வேளையில் வலிந்து ஏற்றினர். அவர்கள் வேலை செய்ய மறுக்கவே, சான்பிரான்சிஸ்கோவில் மீண்டும் கைதாயினர். அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தங்களையும் காக்கும் என்பது மாலுமிகளின் வழக்கு. 1897 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. மாலுமியின் ஒப்பந்தம் தொன்றுதொட்டே தனிவகை. அவன் சிறுவரைப் போலப் பிறர் காவலில் இருக்கத் தக்கவன் என்பது தீர்ப்பின் போக்கு. நீதிபதி ஹார்லன் ஒருவரே மாறுபட்டு எழுதினார். அடிமை ஒழிப்புக்குப் பெரும் போர் நடத்திய நாடு, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கூட்டத்தாரை மட்டும் விலக்கி வைத்தது. அவ்வாண்டு விடுதலை நாள் ஊர்வலத்தில் கலந்துகொள்ள வந்த அழைப்பை மாலுமிகள் ஏற்கவில்லை. விலங்கு பூண்டவன் விடுதலை கொண்டாடுவது நகைப்புக்கு இடம் என்பது ஃபுரூசெத்தின் கருத்து.

1898இல் வந்த வைட் சட்டம் கசையடியைத் தடுத்தது. தாய்நாட்டுத் துறைமுகங்களில் அமெரிக்க மாலுமிக்குச் சிறையை நீக்கியது. அயல்நாட்டுத் துறைமுகங்களில் ஒரு மாதச் சிறையை விட்டுவைத்தது. பாதி விடுதலை என்று சிலர் மகிழ்ந்தனர். ஃபுரூசெத் மகிழவில்லை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. சங்கத்தில் மாலுமி ஒருவனின் ஊதியத்துக்கு மேல் பெறவில்லை. மலிவான அறை, கசங்கிய உடை, பருந்தை நினைவூட்டும் மூக்கு, சுருக்கம் விழுந்த நெடிய முகம். இக்கோலத்தில் ஒவ்வோர் அமர்விலும் உறுப்பினர்களின் வாயிலில் நின்றார். நீதிமன்றத் தடையாணையை மீறினால் சிறை என்று அச்சுறுத்தியபோது, மாலுமியின் வாழ்வைவிடச் சிறை இடுக்கமாகவோ தனிமையாகவோ இராது என்ற பொருளில் அவர் விடை சொன்னதாகக் கூறுவர். விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லஃபாலட் அவருக்குத் துணையானார்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. இரண்டாயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோர் பயணம் செய்த கப்பலில் 1,178 பேருக்கே உயிர்காப்புப் படகுகளில் இடம் இருந்தது. படகு இருந்தால் மட்டும் போதுமா, அதைச் செலுத்தத் தேர்ந்த கைகள் வேண்டாவா என்று ஃபுரூசெத் கேட்டார். பயணியின் அச்சமும் மாலுமியின் உரிமையும் ஒரே மசோதாவில் சேர்ந்தன. ஆட்சிமன்றம் நிறைவேற்றியதை, 1913 மார்ச் 4ஆம் நாள் பதவி நீங்கிய குடியரசுத் தலைவர் டாஃப்ட் ஒப்பமிடாமலே விட்டுச் சென்றார். அவ்வாண்டின் இறுதியில் லண்டனில் கூடிய கடற்பயணப் பாதுகாப்பு மாநாட்டுக்குப் பேராளராக அனுப்பப்பட்ட ஃபுரூசெத், அங்கு உருவான உடன்பாடு மாலுமிகளைக் கைவிடுவதைக் கண்டு பொறுப்பைத் துறந்து திரும்பினார்.

1915இல் மசோதா மீண்டும் நிறைவேறியது. அயல்நாடுகளுடன் செய்த உடன்படிக்கைகள் பல முறிய வேண்டியிருக்குமே என்று வெளியுறவு அமைச்சர் பிரையன் தயங்கினார். ஃபுரூசெத் அவரைக் கண்டு பேசியதும் அவர் மனம் மாறினார்; குடியரசுத் தலைவர் வில்சனும் இசைந்தார். 1915 மார்ச் 4 அன்று மாலுமிகள் சட்டம் ஒப்பம் பெற்றது. சிறைத் தண்டனை ஒழிந்தது. துறைமுகத்தில் ஈட்டிய கூலியில் பாதியைக் கேட்டுப் பெறும் உரிமை வந்தது. உறங்கும் இடத்தின் அளவும், தேர்ந்த மாலுமிகளின் விகிதமும் வரையறுக்கப்பட்டன.

இதன் உள்ளாணி வேறொன்று. அமெரிக்கத் துறைமுகத்தை அடைந்த அயல்நாட்டுக் கப்பலின் மாலுமிக்கும் இச்சட்டம் விடுதலை தந்தது. குறைந்த கூலிக்கு வந்தவன் இறங்கிவிடலாம் என்றால், அவனை இருத்த உடைமையாளன் கூலியை உயர்த்தியே ஆக வேண்டும். உலகெங்கும் கூலி சமமாகும் என்பது ஃபுரூசெத்தின் கணக்கு. கூரிய கணக்குத்தான்.

ஆனால் இதே சட்டத்தில் அவருடைய கறையும் இருக்கிறது. ஒவ்வொரு துறையிலும் பணியாளரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் அதிகாரிகளின் ஆணை மொழியை அறிந்திருக்க வேண்டும் என்ற விதி, பாதுகாப்பின் பெயரால் ஆசிய மாலுமிகளை விலக்க எண்ணியது. சீனரையும் ஜப்பானியரையும் பற்றி அவர் கொண்டிருந்த இன வெறுப்பை வெளிப்படையாகவே பேசினார். கடலோடி அடிமையல்லன் என்று முழங்கியவர், எல்லாக் கடலோடிகளையும் எண்ணவில்லை. இதை மறைத்து அவர் வாழ்வை எழுதுதல் நேர்மையாகாது. காலம் செய்த விந்தை என்னவெனில், பிரித்தானியக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் நிலக்கரி வாரிய இந்திய லஸ்கார்களும் அச்சட்டத்தின் நிழலில் ஒதுங்கினர். கிழக்கு வங்கத்து முஸ்லிம் இளைஞர் பலர் நியூயார்க்கில் கரையிறங்கித் திரும்பாமல் போயினர். ஃபுரூசெத் அவர்களுக்காகக் கதவைத் திறக்கவில்லை, அவர்கள் நுழைந்தனர்.

போருக்குப் பின் அரசே பெருங் கப்பலுடைமையாளராகியிருந்தது. 1921 மே மாதம் அரசின் கப்பல் வாரியமும் தனியாரும் சேர்ந்து கூலியைக் குறைக்க முனைந்தனர். உரிமை வழங்கிய அரசு இப்போது முதலாளியாக எதிரே நின்றது. வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களில் முறிந்தது. ஒரு லட்சத்தைக் கடந்திருந்த சர்வதேச மாலுமிகள் சங்கத்தின் உறுப்பினர் தொகை சில ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் கீழே சரிந்தது. சட்டத்தை மட்டுமே நம்பியவருக்கு இது பேரிடி. துறைமுகச் சுமைத் தொழிலாளருடன் கூடிப் போராடவும் அவர் விரும்பவில்லை. மாலுமித் தொழில் தனிக் கைத்திறன் என்னும் பெருமிதம் அவரைத் தடுத்தது.

1934இல் பசிபிக் கரை முழுதும் எழுந்த வேலைநிறுத்தம், அவர் தவிர்த்த அந்த ஒற்றுமையாலேயே வலுப்பெற்றது. ஜூலை 5ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் காவலர் சுட்டதில் இருவர் மாண்டனர். தேசியக் காவற்படை துறைக்கு வந்தது. எண்பது வயது முதியவர் நடுவர் தீர்ப்பை ஏற்குமாறு சொன்னார். இளைஞர்கள் மரியாதையுடன் கேட்டுவிட்டுத் தம் வழி சென்றனர். 1936இல், அவர் தலைமை வகித்த சர்வதேசச் சங்கம் அவரே வளர்த்த பசிபிக் சங்கத்தை விலக்கியது.

1938 ஜனவரி 22ஆம் நாள் வாஷிங்டனில் அவர் காலமானார். உடல் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. சாம்பலை நிலத்திலிருந்து இயன்ற அளவு தொலைவில் தூவ வேண்டும் என்பது அவர் விருப்பம். மார்ச் மாதம் ஸ்கோஹாரி என்ற கப்பல் அதை ஏந்திச் சென்றது. அட்லாண்டிக் நடுவில் மாலுமிகள் மேல்தளத்தில் கூடி நிற்க, சாம்பல் கடலில் தூவப்பட்டது.