அவையும் நூலும்: விபுலாநந்த அடிகள்

கல்லூரி நூலகங்கள் பொதுமக்களுக்குக் கதவு திறந்து, பல்வேறு பொருள்கள் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்துவித்தல் நல்வழக்கு. ஒருநாள் விண்ணியல், ஒருநாள் இசை, ஒருநாள் திருக்குறள் எனப் பொருள் மாறி வரும். பல துறைகளைத் தொட்டுச் செல்வது ஆழத்தைக் கெடுக்குமன்றோ என்று அன்புவழிபுரத்து மாணாக்கர் சிலர் என்னை வினவினர். அவர்கட்கு விடையாக நான் எடுத்துரைத்தது விபுலாநந்த அடிகளாரின் வாழ்க்கையை. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர்ப் பிறந்தவன் யான். அவர் நூல்களின் வழியாகவே அவரை அறிவேன்.

அடிகளார் 1892 ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்தார். பெற்றோர் சாமித்தம்பியும் கண்ணம்மையும். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பெற்றவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். யாப்பிலக்கணமும் பௌதிக நூலும் ஒருவர் உள்ளத்தே ஒருங்கு குடியிருந்தன. பின்னாளில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் இதுவே வித்து.

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராயும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயும் இருந்தவர், 1922 இல் பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924 இல் துறவுபூண்டு விபுலாநந்தர் ஆனார். உலகியலைத் துறந்தவர் தமிழைத் துறந்திலர். அவ்வாண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவிலே நாடகத் தமிழ் பற்றிச் சொற்பொழிவாற்றினார். பிறராயின், கேட்டோர் பாராட்டுரையோடு அது முடிந்திருக்கும். அடிகளாரோ அதனை விரித்தெழுதினார். 1926 இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலாயிற்று. செகசிற்பியார் என்று அவர் தமிழாக்கிய ஆங்கிலப் பெருங்கவியின் பன்னிரு நாடகங்கள் அதிலே ஆராயப்படுகின்றன. அவையில் ஒருநாள் ஒலித்த உரை, அவ்வவையைக் காணாத என் போன்றார்க்கும் இன்று பாடமாய் நிற்கின்றது.

1925 இல் ஈழத்துக்கு மீண்ட அடிகளார் இராமகிருஷ்ண சங்கத்தின் கல்விப்பணியை ஏற்று நடாத்தினார். எம் திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் தலைமையைப் பெறும் பேறு பெற்றது. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார்.

விஞ்ஞானத்தைத் தமிழிற் பேசவேண்டின் சொல் வேண்டுமன்றோ? 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்றொகுதி 1938 இல் வெளிவந்தது. ஈண்டும் அவையிற் பேசியது ஏட்டில் ஏறிற்று.

அவர்தம் வாழ்நாட் பெரும்பணி யாழ்நூல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இயல்பு கூறும் அடிகள் இருபத்தைந்து. அவற்றின் பொருளைத் தேடிப் புறப்பட்டவர் பழந்தமிழ் இசைக்கடல் முழுவதையும் கடந்தார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறுக்கினால் ஐந்தாம் சுரம் பிறக்கும் என்பது பௌதிக நூல் கூறும் உண்மை. இத்தகைய கணக்கைக் கருவியாகக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளையும் பண்களையும் அவர் ஆராய்ந்தார். தமிழ்ப் புலமை மட்டும் உடையார்க்குக் கணக்கு எட்டாது. கணக்கு மட்டும் வல்லார்க்குக் காப்பியம் எட்டாது. இரண்டும் வல்லார் ஒருவர் வேண்டியிருந்தது. பல துறைப் பயிற்சி ஆழத்தைக் கெடுக்கும் என்பார்க்கு இந்நூலே மறுப்பு.

பணியின் இறுதியில் நோய் அவரை வருத்திற்று. எனினும் 1947 ஜூன் 5, 6 ஆம் நாள்களில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. ஆய்வின்படி அமைத்த யாழ்கள் அங்கே இசைக்கப்பெற்றன. ஆறு வாரங்களே கழிந்தன. ஜூலை 19 ஆம் நாள் அடிகளார் மறைந்தார். சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவர் சமாதி உளது. இன்னும் இரண்டு திங்கள் எழுத்துப்பணி தாழ்த்திருந்தால், அவ்வாராய்ச்சி அவரோடு மண்ணுட் புகுந்திருக்கும். இதனை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் நடுங்குகின்றது.

ஆதலின், நூலகத்தே பேச வருவோர்க்கும் பேச்சை ஏற்பாடு செய்வோர்க்கும் யான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. பொருள் எதுவாயினும் ஆகுக. ஆயத்தமின்றி மேடை ஏறற்க. பேசியதை எழுதித் தருக. நூலகத்தார் அதனைப் பெற்று, தேதியும் தலைப்பும் இட்டு, அடுக்கிற் சேர்த்து வைப்பாராக. அன்று வர இயலாத மாணாக்கன் ஒருவன் பின்னொருநாள் அதனை எடுத்துப் படிப்பான்.